நாற்பத்தேழாம் நம்பர் வீட்டுப் பெட்டிகள்

நிக்கோபாரின் கட்சால் தீவில் நாற்பத்தேழாம் நம்பர் நிரந்தர வீடு தம்பையாவுக்கு என்று முடிவானபோது, அதில் ஏற்கெனவே நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் குடியிருந்தன. முன்னறையில் நூற்றெண்பது, பின்னறையில் நூற்றைம்பது, சமையலறையில் எண்பது, கக்கூசில் இரண்டு. கக்கூசில் இருந்த இரண்டுக்கும் எதிரே பதிவேட்டில் 'காற்றோட்டமான இடம்' என்று தனியாகக் குறித்திருந்தார்கள்.

பெட்டிக்குள் இருந்தது பட்டாளத்தார் சாப்பாடு. காட்டிலும் மலையிலும் அடுப்பு மூட்ட வழியில்லாத சிப்பாய்க்கென்று கட்டியது. பெட்டிக்குப் பன்னிரண்டு பொட்டலம், பொட்டலம் ஒன்று ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு. டின்னில் அடைத்த காய்கறிப் புலாவு, டின்னில் அடைத்த ரவை அல்வா, சக்கர்பாரா என்ற இனிப்பு பிஸ்கட், ஒரு சாக்லேட் கட்டி, தேயிலைத் தூள், சுடவைத்துக்கொள்ள வெள்ளையாய்ச் சில வில்லைகள். சுனாமி அடித்த மூன்றாம் மாதம் நிவாரணக் கப்பலில் வந்து இறங்கியது. தயாரிப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, காலாவதி இரண்டாயிரத்து மூன்று என்று பெட்டியின் விலாவில் கறுப்பு மையில் அச்சாகியிருந்தது. வரும்போதே காலம் முடிந்து வந்ததால் அதை யாரும் பிரிக்கவில்லை. யாரும் பிரிக்காததால் முழுசாக இருந்தது. முழுசாக இருந்ததால் அது அரசாங்கச் சொத்து.

பள்ளிக்கூடக் கொட்டகையில் கிடந்த அந்தச் சொத்து, கூரை ஒழுகுகிறது என்பதற்காக, புதிதாகக் கட்டிய வீடுகளில் முதலில் பெயின்ட் காய்ந்த வீட்டுக்கு மாற்றப்பட்டது. "பத்து நாளைக்குத்தான்" என்று சொல்லி, ஒதுக்கீடு பெற்றவர் என்ற முறையில் தம்பையாவிடம் சம்மதக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். வீடு கைக்கு வருமுன்பே வீட்டுக்காரர் என்று தன்னிடம் கையெழுத்துக் கேட்டதில் அவருக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தம்பையா ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். பதினெட்டு வயதில் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கிளப்பிக் கப்பலேற்றி இந்தத் தீவில் இறக்கப்பட்டவர். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி முடிவுசெய்த ஆள் என்பதால், அரசாங்கம் எது செய்தாலும் யோசித்துத்தான் செய்யும் என்று நம்பினார். அலை வந்து வீட்டைக் கொண்டுபோன பிறகு அவரும் மனைவி ஒச்சம்மாவும் ஆறு வருடமாகத் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். மகள் பானுவைக் கொட்டகையிலிருந்தே கட்டிக்கொடுத்து ஹட்பே ஊருக்கு அனுப்பியாயிற்று. வெயிலில் தகரம் பழுத்துவிடும். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மழை நாளில் கத்திப் பேசிப் பேசி ஒச்சம்மாவுக்கு வெயில் நாளிலும் குரல் இறங்காமல் போய்விட்டது.

சாவி கொடுக்கும் விழாவில் மற்றவர்களுக்குச் சாவி கொடுத்தார்கள். தம்பையாவுக்குச் சாவியின் எண் எழுதிய சீட்டு கொடுத்தார்கள்.

அவர் மனு எழுதினார். ஒரு வருடத்தில் பத்தொன்பது மனு. தபாலில் போட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. முதல் பதில், உங்கள் மனு கிடைத்தது என்றது. இரண்டாவது, மனு கிடைத்தது என்று நாங்கள் எழுதியது உங்களுக்குக் கிடைத்ததா என்று கேட்டது. பதினெட்டாவது பதில் வந்த அன்று, தகரக் கொட்டகைகள் அத்தனையும் மே பதினைந்தாம் தேதி பிரித்து ஏலம் விடப்படும் என்ற நோட்டீசும் ஒட்டப்பட்டது. வரிசையில் ஆளிருந்த கொட்டகை ஒன்றே ஒன்றுதான். பத்தொன்பதாவது மனுவைத் தபாலில் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு அவர் போர்ட் பிளேருக்குக் கப்பலேறினார்.

அங்கே டாலிகஞ்சில் தெரிந்தவர் வீட்டில் குளித்துவிட்டு, டெலானிபூர் மேட்டில் ஏறி, பெட்டிகளுக்குப் பொறுப்பான மீட்பு உணவு மறுமதிப்பீட்டு வாரியத்தைக் கண்டுபிடித்தபோது மணி பதினொன்று. உறுப்பினர் செயலர் சொக்கலிங்கம் அப்போதுதான் வந்திருந்தார். விருதுநகர்க்காரர், தீவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம்.

"ஆயியே, பைட்டியே" என்று இந்தியில் உட்காரச் சொன்னார். பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "அட, நாப்பத்தேழா? ஒங்க ஃபைல் நமக்கு மனப்பாடம்ல. என்ன வேணும்?"

"வீடு சார்."

"வீடு ஒங்களுதுதான். யாரு இல்லேன்னா? பெட்டியில இருக்கிற மால் வெளிய போனா நீங்க உள்ள போகலாம். மாலைத் தூக்கிப் போடணும்னா அது கெட்டுப்போச்சுன்னு சர்டிபிகேட் வேணும்."

"கெட்டுத்தானே சார் கெடக்கு. பெட்டியிலேயே போட்டிருக்கே, ரெண்டாயிரத்து மூணுன்னு."

"அது கம்பெனிக்காரன் அபிப்பிராயம். அரசாங்கத்துக்குன்னு ஒரு அபிப்பிராயம் வேணாமா? அதுக்குத்தான் ருசி பாக்குற குழுன்னு ஒண்ணு போட்டிருக்கோம். மூணு பேரு. இதே மால்ல ஒரு சாம்பிள் பெட்டி இங்க இருந்துச்சு. போன வருசமே பாத்தாங்க."

"பாத்து?"

"மூணு பேரும் ஆஸ்பத்திரியில சேந்துட்டாங்க."

தம்பையாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்தது தப்பு என்று உடனே சுருக்கிக்கொண்டார். "அப்ப கெட்டதுன்னு தெரிஞ்சு போச்சே சார்."

"எப்புடித் தெரியும்? ருசி பாத்த எழுவத்திரெண்டு மணி நேரத்துக்குள்ள மூணு பேரும் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடணும். மூணு பேரும் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டுக் கெடந்தா எவன் போடுவான்? ரிப்போர்ட் இல்லேன்னா ருசி பாக்கலேன்னுதான் அர்த்தம். பொறவு ஒரு நாய்க்குப் போட்டோம். மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. விதியில ருசின்னுதான் இருக்கு, மோப்பம்னு இல்ல. நாய் குழுவில மெம்பரும் இல்ல."

"சன்னல் வழியாப் பாத்தேன் சார், டின்னுல பாதி, பந்து கணக்கா ஊதிப் பெட்டியப் பிளந்துக்கிட்டு நிக்குது."

"கூடித்தானே இருக்கு? கொறஞ்சாத்தான் ஆடிட்ல கேப்பான்."

தம்பையா கப்பலில் வரும்போது யோசித்து வைத்திருந்த யோசனையை எடுத்துவிட்டார். "சார், அந்தப் பெட்டியெல்லாம் எங்க தகரக் கொட்டகைக்கு மாத்திட்டா என்ன? நாங்க வீட்டுக்குப் போயிருவோம், பெட்டி கொட்டகையில இருக்கட்டும்."

சொக்கலிங்கம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "தகரக் கொட்டகையிலயா? அந்த வெக்கையில சாப்பாட்டை வச்சா கெட்டுப் போயிராது?"

"நாங்க ஆறு வருசம் இருந்தோமே சார்."

"மனுசனுக்கு மேல எக்ஸ்பயரி தேதி அடிக்கலையே." இதைச் சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் இரங்கினார். "சரி விடுங்க. புதுக் குழு போட்டாச்சு. இனிமே சரக்கு இருக்கிற எடத்துலயே போயி ருசி பாக்கணும்னு உத்தரவு. ஏப்ரல்ல கட்சால் வர்றோம். கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்து ஒரே நாள்ல காலி பண்ணிடலாம். வர்றவங்கள மட்டும் நல்லாப் பாத்துக்கங்க. சேர்மன் மனசு கோணிட்டா அவ்வளவுதான்."

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தம்பையா கட்சால் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்தார். வந்த நாளிலிருந்து ஒச்சம்மாவிடம் அதையே சொன்னார். "வர்றவங்க மனசு கோணக் கூடாது புள்ள. நம்ம வீடு அவங்க வாயிலதான் இருக்கு." அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி குழு வந்தது. தலைவர் கிருஷ்ணமூர்த்தி, ஓய்வுபெற்ற சுபேதார் யாதவ், சொக்கலிங்கம். நாற்பத்தேழாம் நம்பர் வீட்டுக்கு முன்னால் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தார்கள். அரக்கு வைத்த உறையிலிருந்து மூன்று கரண்டிகள் எடுக்கப்பட்டன. பயனாளியின் பிரதிநிதி என்று தம்பையாவை நாற்காலியில் உட்காரவைத்து, முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். அவர் இரண்டு முழங்காலிலும் கையை வைத்துக்கொண்டு போட்டோ எடுப்பவர் முன்னால் இருப்பதுபோல் இருந்தார்.

தலைவர் எழுந்து பேசினார். கேட்பதற்கு ஒரே ஒரு பொதுமக்கள்தான் என்றாலும் மைதானத்தைப் பார்த்தே பேசினார்.

"இந்த நாக்கு முப்பத்தோரு வருடமாக அரசாங்கத்தின் நாக்கு. எனக்கென்று தனிப்பட்ட ருசி எதுவும் கிடையாது என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். உப்பா உறைப்பா என்று என் வீட்டில் கேட்டால்கூட, மேலிடத்தில் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். மேலிருந்து எது வந்தாலும் மென்று பார்க்காமல் விழுங்கியவன் நான். அப்படிப்பட்ட ஒருவனிடம் இந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருப்பது தற்செயல் அல்ல."

"பஹுத் அச்சா சார்" என்றார் சுபேதார்.

பிறகு மூவரும் மும்முறை வாய் கொப்பளித்தார்கள். ஒருவர் நாக்கை மற்றவர் பார்த்து, படிவத்தில் 'நாக்கு: உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். சக்கர்பாரா முதலில் வந்தது. சுபேதார் கடித்தார், நடக்கவில்லை. மேசை முனையில் தட்டினார். மேசையில் பள்ளம் விழுந்தது. 'உறுதி: திருப்தி' என்று பதிவாயிற்று. சாக்லேட் சாம்பல் பூத்துக் கிடந்தது. 'நிறம்: கண்ணியமானது' என்றார் தலைவர். இருந்தாலும் புலாவு இருக்கிறது என்று தம்பையா தைரியமாக இருந்தார். அந்த டின்னை அவர் பார்த்திருக்கிறார்.

புலாவைச் சுடவைத்துத்தான் உண்ண வேண்டும் என்று டின்னிலேயே எழுதியிருந்தது. வெள்ளை வில்லைகளைப் பற்றவைத்தால் பொடிந்து உதிர்ந்தன. சொக்கலிங்கம் டின்னைத் தூக்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய், "இந்தாங்கம்மா, இதைக் கொஞ்சம் சூடு பண்ணிக் குடுங்க" என்று ஒச்சம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அரை மணி நேரம் ஆயிற்று. சூடு பண்ண இவ்வளவு நேரமா என்று தம்பையா நினைத்தார். எழுந்திருக்கக் கூடாது என்ற விதி அவரைப் பிடித்து வைத்திருந்தது. அப்போது காற்று இந்தப் பக்கம் திரும்பியது. வெங்காயம் வதங்குகிற மணம் வந்தது. அதன் பின்னாலேயே காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. கடைசியாக, எண்ணெயில் விழுந்த மாசிக் கருவாட்டின் மணம். இவருக்கு எச்சில் ஊறியது. ஊறியது தப்பு என்று அடுத்த நிமிடம்தான் உறைத்தது.

ஒச்சம்மா பீங்கான் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். தலைவர் ஒரு கரண்டி எடுத்தார். கண்ணை மூடினார். இன்னொரு கரண்டி எடுத்தார். விதிப்படி ஒருவருக்கு ஒரு கரண்டிதான்.

"யாதவ் சாப்?" என்றார்.

"ஜபர்தஸ்த்!" என்றார் சுபேதார். "சியாச்சின்ல இருந்தப்ப இதே டின் புதுசாத் தின்னிருக்கேன் சார், மண்ணு மாதிரி இருந்துச்சு. வைக்க வைக்கத்தான் இதுக்கு டேஸ்ட் ஏறுது." இந்தியில் அவர் சொன்னதைச் சொக்கலிங்கம் தமிழாக்கிக்கொண்டே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மீன் வாசம்போல ஒன்று அடிக்கிறதே" என்றார் தலைவர், மூன்றாவது கரண்டியில். "லேபிளில் சைவம் என்றல்லவா போட்டிருக்கிறது?"

"பன்னெண்டு வருசம் பழுத்திருக்குல்ல சார்" என்றார் சொக்கலிங்கம். "அதுல வர்ற வாசம்."

"எழுதுங்கள். 'காலத்தால் மேம்பட்டது.'"

தம்பையா விதியை மீறி எழுந்து கொட்டகைக்கு ஓடினார்.

"என்னா புள்ள செஞ்ச?"

"என்னாத்த செஞ்சேன்? தெறந்தா ஈரச் சாக்கு நாத்தம். வாசல்ல வந்து குந்தியிருக்கிற மனுசருக்கு அத அப்புடியே குடுக்கச் சொல்லுறீங்களா? ரெண்டு தரம் கழுவி, கொதிக்க வச்சு, இருந்த மாசியப் போட்டுத் தாளிச்சேன். தட்டு காலியாத்தானே இருக்கு?"

"அடி பாவி, அது கெட்டதுன்னு சொல்லத்தானே அவங்க வந்தாங்க!"

ஒச்சம்மா அகப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். பிறகு அவளுடைய மழைக்காலக் குரல் கிளம்பியது. "அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதில்லையா? மனசு கோணக் கூடாது, மனசு கோணக் கூடாதுன்னு மூணு கிழமையா மந்திரம் ஓதுனது யாரு? கெடுத்து வையின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒரு கை உப்ப அள்ளிப் போட்டுட்டுப் போயிருப்பேனே!"

தம்பையா திரும்பி ஓடிவந்து மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றார். "ஐயா, மன்னிக்கணும். அது சரக்கோட ருசி இல்லீங்க. எம் பொஞ்சாதி தாளிச்சுப்புட்டா. வேணும்னா இன்னொரு டின் தெறந்து அப்புடியே பாருங்கய்யா."

சொக்கலிங்கம் தட்டின் ஓரத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"என்ன சொல்கிறார் இவர்?" என்றார் தலைவர். "மூன்று பேர் கொண்ட அரசாங்கக் குழு ஒரு அம்மாவின் தாளிப்புக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது என்கிறாரா?"

"அப்படி இல்லீங்கய்யா…"

"தம்பையா, இங்க வாங்க" என்று சொக்கலிங்கம் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "ருசி பதிவாயிருச்சு. பதிவான ருசிய மாத்துறதுக்கு வழியில்ல. நீங்க சொல்றத எழுதுனா, பரிசோதனைப் பொருள்ல பயனாளி கைவச்சார்னு ஒங்க மேலதான் கேஸ் வரும். வீட்டு ஒதுக்கீடே போயிரும். சும்மா இருங்க. நல்லாத்தான் இருந்துச்சு, நெசமாவே."

குழு அன்று மாலைக் கப்பலில் போனது. தலைவர் போகும்போது ஒச்சம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். நன்றாகச் சூடு பண்ணினீர்கள் என்றார்.

மே பன்னிரண்டாம் தேதி உத்தரவு வந்தது. இந்தியில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். தம்பையா இந்தியை எழுத்துக்கூட்டி வாசிப்பார். உணவு உண்ணத் தகுதியானது. மேலும் ஐந்து வருடங்களுக்குச் செல்லும். தகுதியான உணவை முடக்கி வைப்பது தேச நஷ்டம் என்பதால், சுனாமியால் பாதிக்கப்பட்டு இன்னும் நிரந்தர வீட்டில் குடியேறாத குடும்பங்களுக்கு அது வழங்கப்படும். கட்சாலில் அத்தகைய குடும்பங்களைக் கணக்கெடுத்ததில் ஒன்று இருப்பதாகத் தெரிகிறது. தலைவர்: தம்பையா. நபர்கள்: இரண்டு. நபருக்கு நாளொன்றுக்கு ஒரு பொட்டலம். இருப்புத் தீர்ந்ததும் நாற்பத்தேழாம் எண் வீடு மேற்படி குடும்பத்திடம் ஒப்படைக்கப்படும்.

அவர் கொட்டகையில் ஒட்டியிருந்த ஏல நோட்டீசைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். மீதிப் பெட்டி நானூற்றுப் பதினொன்று. பொட்டலம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு. இரண்டு பேர். இரண்டாயிரத்து நானூற்று அறுபத்தாறு நாள். ஆறு வருடம் ஒன்பது மாதம். சான்றிதழோ ஐந்து வருடம்தான். கடைசி ஒன்றே முக்கால் வருடச் சாப்பாட்டுக்கு மறுபடியும் குழு வந்து ருசி பார்க்க வேண்டியிருக்கும்.

பதினைந்தாம் தேதி கொட்டகையைப் பிரித்தார்கள். வராந்தா வீட்டின் பரப்பளவில் சேராது என்பதால், நாற்பத்தேழாம் நம்பர் வராந்தாவில் அவர்கள் தங்குவதற்கு ஆட்சேபணை இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். சாமான்களை நகர்த்தி, செங்கல் கூட்டி அடுப்பு வைத்தாள் ஒச்சம்மா. அவர்களுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவும் ஒரு பூட்டும் இருந்தன. காலை ஒன்பது மணிக்குப் பண்டகக் காப்பாளர் நாகலிங்கம் வருவார், பூட்டைத் திறப்பார், இரண்டு பொட்டலம் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார், பூட்டுவார்.

"சாப்புட்டீங்களாண்ணே?" என்று மறுநாள் கேட்பார். கேட்க வேண்டும் என்று விதி.

"சாப்புட்டோம்" என்பார் தம்பையா.

வீட்டுக்குப் பின்னால் அவர் வெட்டியிருந்த குழி நல்ல ஆழம். டின், பிஸ்கட், சாக்லேட் எல்லாம் அதில் போயிற்று. தேயிலைத் தூளை மட்டும் முதல் நாள் ஒச்சம்மா உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தாள். தேயிலை மலையில் பிறந்தவள். "பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடியே இது கூட்டித் தள்ளுன தூசி" என்று சொல்லி அதையும் குழியிலே உதறினாள்.

ஏழாம் நாள் காலையில், நாகலிங்கம் முதல் பெட்டி காலியாகிவிட்டது என்று வெறும் அட்டைப் பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டு, அதோடு ஒரு கடிதத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். கதவு திறந்திருந்த அந்த இரண்டு நிமிடத்தில் தம்பையா எட்டிப் பார்த்திருந்தார். முன்னறையில், வாசலை ஒட்டி, ஒரு பெட்டி அளவுக்குத் தரை தெரிந்தது. சிமென்ட் தரை, சிவப்பு. அந்த வீட்டின் தரை சிவப்பு என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"செவப்புத் தரை புள்ள" என்றார்.

"தெரிஞ்சு என்னா பண்ண? கடுதாசி என்னா சொல்லுது, வாசிங்க" என்றாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. விறகு நனைந்து புகைந்தது.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுத்துக்கூட்டத் தொடங்கினார். "பொருள்… காலிப் பெட்டிகள்… பராமரிப்பு." மூச்சு வாங்கிக்கொண்டார். "காலியான ஒவ்வொரு பெட்டியும்… அரசாங்கச் சொத்தாகையால்… எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டதோ… அதே இடத்தில்… திரும்ப வைக்கப்பட வேண்டும்." நிறுத்தினார். அடுத்த வரியைப் பார்த்தார். "நானூற்றுப் பதினொரு காலிப் பெட்டிகளும் சரியாக இருப்பதைக் குழு வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே… வீடு…"

நிமிர்ந்தபோது ஒச்சம்மா அட்டைப் பெட்டியை முழங்காலில் வைத்து நாலாகக் கிழித்து முடித்திருந்தாள். மூன்று துண்டு அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. காய்ந்த அட்டை, நன்றாகப் பிடித்தது. தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் பொங்க ஆரம்பித்தது.

"நிப்பாட்டிட்டீங்க? மேல வாசிங்க" என்றாள், மழைக்கு மேலாகக் கத்தி.

தம்பையா கடிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த வரியைச் சத்தமாக எழுத்துக்கூட்டினார். காலை மட்டும் மெதுவாக நீட்டி, வெளியே கிடந்த நாலாவது துண்டைக் கட்டைவிரலால் அடுப்புக்குள் தள்ளினார்.